நீ சொன்னா சரி

சம்பளம் இல்லாத வேலைகள் உலகத்தில் மூன்று உண்டு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது, குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளராக இருப்பது, சின்னப் பையன்கள் ஆடும் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்பது. முதல் இரண்டிலும் திட்டு மட்டும்தான் கிடைக்கும். மூன்றாவதில் அவ்வப்போது பந்தும் கிடைக்கும். விலா எலும்பில்.

அந்த மூன்றாவது வேலை சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தலையில் விழுந்தது.

காரைக்குடி செக்காலையில், சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு, பதினாலு வயசுக்குட்பட்ட பையன்களுக்கு டென்னிஸ் பால் போட்டி. சர்ச் பசங்க ஒரு டீம், எங்கள் தெருப் பசங்க ஒரு டீம். தெரு டீம் என்றால் எல்லாம் கலந்ததுதான். நெற்றியில் விபூதி, கழுத்தில் ஜெபமாலை, தலையில் வெள்ளைத் தொப்பி மூன்றும் உண்டு. உருப்படியாக ஒரு பேட்தான் கிடையாது.

அம்பயராக வரவேண்டியவர் கடைசி நேரத்தில் ஏதோ காதுகுத்துக்குப் போய்விட்டார். போட்டியை ஏற்பாடு செய்த ஃபாதர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

"சார், நீங்க பி.காம்.தானே?"

"ஆமாம் ஃபாதர்."

"அப்ப ஆறு வரைக்கும் தப்பில்லாம எண்ணுவீங்க. வாங்க."

"ஃபாதர், என் பையனே தெரு டீம்ல ஆடுறான். அப்பன் அம்பயரா நின்னா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா..."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறேன். எல்லார் கண்ணும் உங்க மேலதான் இருக்கும். தப்புப் பண்ணணும்னு நினைச்சாலும் முடியாது."

இப்படி ஒரு பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. போய் நின்றேன்.

பையனைத் தனியே கூப்பிட்டு, "இதோ பாரு, கோட்டுக்குள்ள நான் உனக்கு அப்பா கிடையாது. சார்னுதான் கூப்பிடணும்" என்றேன்.

"சரிங்க சார்" என்றான் பன்னிரண்டு வயசு மகன், ரொம்ப சந்தோஷமாக.

எட்டு ஓவர் மாட்ச். தெரு டீம் 61. சர்ச் டீம் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தது. கடைசி இரண்டு பந்து, ஜெயிக்க மூன்று ரன், கையில் ஒரே விக்கெட். மைதானத்தைச் சுற்றி நின்ற அப்பாக்கள் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தார்கள். அம்மாக்கள் மட்டும் வழக்கம் போல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பௌலர் போட்டான். பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு மடக்கி அடித்தான். பந்து தாழ்வாக மிட் விக்கெட் பக்கம் பறந்தது. அங்கே என் பையன்! முன்னால் பாய்ந்து விழுந்தான். செம்மண் புழுதி கிளம்பியது. புழுதிக்குள்ளிருந்து பந்தோடு ஒரு கை மேலே வந்தது.

"அவுட்!" என்று பத்துத் தொண்டைகள் கத்தின.

எனக்கும் பந்துக்கும் நடுவில் பௌலரின் முதுகு. பந்து கையில் விழுந்ததா, தரையில் பட்டு விழுந்ததா, சத்தியமாகப் பார்க்கவில்லை. ஆனால் விரல் தானாக மேலே போய்விட்டது. என்ன செய்வது, அந்த விரலுக்கும் அந்தப் பையனுக்கும் ரத்த சம்பந்தம் உண்டே!

தெரு டீம் குதித்தது. பையன் மட்டும் குதிக்கவில்லை. முட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் என்னை நோக்கி நடந்து வந்தான்.

"சார்... பட்டுடுச்சு சார்."

"எது?"

"பால். தரையில பட்டுத்தான் கைக்கு வந்துச்சு."

தூக்கிய விரலை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கைச் சொறிவது போல பாவனை செய்து ஒரு வழியாக இறக்கினேன். (அதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், வலது கையால் இடது தோளையும் இடது கையால் வலது தோளையும் தொடவேண்டும். வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்துகொண்டேன்.)

அடுத்த பந்து பவுண்டரி. மாட்ச் முடிந்தது. நாங்கள் தோற்றோம். மன்னிக்கவும், தெரு டீம் தோற்றது.

ஃபாதர் கைதட்டினார். சர்ச் டீம் கைதட்டியது. ஜெயித்தவர்கள் கைதட்டுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. எங்கள் கேப்டன், வயசு பதினாலு, பையனின் தோளைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டான்.

"உனக்கு எதுக்குடா இந்த வேலை? அம்பயரே தூக்கிட்டாரு. அதுவும் உங்கப்பா!"

இதில் உள்ள நியாயத்தை யார் மறுக்க முடியும்?

நான் சத்தமாக, "சபாஷ்டா!" என்றேன். உள்ளுக்குள், 'படுபாவி, ஒரு பத்து நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?' என்று ஓடியது. படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். பந்தயத்தில் சொந்தப் பிள்ளையை நிறுத்திப் பார்த்தவர்கள் திட்ட மாட்டார்கள்.

செக்காலை ரோட்டில் நடந்து வரும்போது ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து மெதுவாக விசாரித்தேன்.

"ஏண்டா சொன்னே? யாராச்சும் பார்த்துட்டாங்களோன்னு பயமா?"

"இல்லப்பா. யாரும் பார்க்கலை. நீங்க பார்க்கலை, பௌலர் பார்க்கலை. நான் மட்டும்தானே பார்த்தேன்? அப்ப நான்தானே சொல்லணும்?"

ரோஸ்மில்க் என் தொண்டையில் நின்றது.

*

நின்றதற்குக் காரணம் 2001-ம் வருஷம்.

அப்போது எனக்குப் பதிமூணு வயசு. இதே மாதிரி ஒரு மைதானம், இதே மாதிரி ஒரு டென்னிஸ் பால் மாட்ச். அம்பயராக நின்றவர் வயசான ஒரு ஃபாதர். வெள்ளை அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் கூழாங்கல்லை மாற்றி மாற்றி பந்து எண்ணுவார். எதிர் டீமில் ஒருத்தன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். அவன் அடித்த ஒரு பந்து என் பக்கம் வந்தது. பாய்ந்தேன். பிடித்தேன். ஆனால் என் கைக்கு வருவதற்கு முன்னால் பந்து தரையை ஒரு முறை விசாரித்துவிட்டுத்தான் வந்தது. அரை அங்குலம் இருக்கும்.

ஃபாதர் கிட்டே வந்தார்.

"தம்பி, சுத்தமாப் பிடிச்சியா?"

"பிடிச்சேன் ஃபாதர்."

என் முகத்தை ஒரு விநாடி பார்த்தார். "நீ சொன்னா சரி" என்றார். விரலைத் தூக்கினார்.

அவ்வளவுதான். பௌலரைக் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றவனைக் கேட்கவில்லை. பேட்ஸ்மேனும் சண்டை போடவில்லை. ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். இரண்டு ரன்னில் ஜெயித்தோம். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. அதில் என் பெயர் வெட்டி, கீழே 'சிறந்த ஃபீல்டர்' என்று வேறு வெட்டியிருந்தது.

அந்த டம்ளரில் அப்பத்தா ஏழெட்டு வருஷம் வெந்நீர் குடித்தார். அப்பத்தாவுக்குப் பிறகு அது அரிசிப் பானைக்குள் குடிபோனது. இன்றைக்கும் என் மனைவி அதில்தான் அரிசி அளக்கிறாள். காலையில் இரண்டு டம்ளர், ராத்திரி ஒன்றரை. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் வீட்டில் தினமும் உலை வைப்பதே ஒரு பொய்யை அளந்துதான்.

ஃபாதர் அன்றைக்குப் பிரம்பால் நாலு வைத்திருந்தால் கணக்கு அன்றே முடிந்திருக்கும். 'நீ சொன்னா சரி' என்று நம்பித் தொலைத்துவிட்டார். அடித்த அடி ஆறிவிடும். நம்பினவர் முகம் ஆறுவதில்லை.

*

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' என்றால் என்னவென்று தெரியும். ஒரு கடையை விலைக்கு வாங்குகிறோம். சரக்கு, மேஜை நாற்காலி, கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் விலை போட்டு, அதற்கும் மேலே ஒரு தொகை கொடுக்கிறோம். கடையின் பேருக்காகக் கொடுக்கிற அந்தத் தொகைதான் குட்வில். எங்கள் பக்கத்தில் இதைக் காலேஜில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர்க்காரர்கள் 'நாணயம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். காசுக்கும் அதே வார்த்தை, நேர்மைக்கும் அதே வார்த்தை. தமிழ் ரொம்பக் கெட்டிக்கார பாஷை.

ஆனால் அக்கவுண்டன்ஸியில் ஒரு வேடிக்கை உண்டு. விலை கொடுத்து வாங்கின குட்வில்லைத்தான் கணக்கில் ஏற்றலாம். நீங்களாக நாற்பது வருஷம் நேர்மையாக இருந்து சம்பாதித்த நல்ல பேரை பேலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியாது. அதற்கு அங்கே காலம் கிடையாது.

ஸ்கோர் புத்தகமும் அப்படித்தான்.

1980 பிப்ரவரி, பம்பாய் வான்கடே மைதானம். இந்திய கிரிக்கெட் போர்டின் பொன்விழா டெஸ்ட். கேப்டன் குண்டப்பா விஸ்வநாத். 1975-ல் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சை விளாசி 97 நாட் அவுட் என்று நின்றாரே, அதே விஸ்வநாத்தான். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து திண்டாடியது. போத்தமும் விக்கெட் கீப்பர் பாப் டெய்லரும் ஜோடி சேர்ந்தார்கள். கபில்தேவ் பந்தில் டெய்லர் கேட்ச் என்று அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். டெய்லர் தயங்கினார். பந்து பேட்டில் படவில்லை என்று விஸ்வநாத்துக்குத் தோன்றியது. அப்பீலை வாபஸ் வாங்கி, டெய்லரைத் திரும்ப ஆடச் சொன்னார்.

நம் சினிமாவாக இருந்தால் அடுத்த ரீலில் இந்தியா ஜெயித்திருக்கும். நடந்தது என்ன? அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. இங்கிலாந்து 10 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. விஸ்வநாத் கேப்டனாக இருந்தது மொத்தமே 2 டெஸ்ட். ஒன்று டிரா, ஒன்று இந்தத் தோல்வி. கேப்டனாக ஒரு வெற்றிகூட இல்லாமல் முடிந்தது. ஸ்கோர் புத்தகத்தில் 'தோல்வி' என்றுதான் இருக்கிறது. ஆனால் அந்த டெஸ்ட் என்றால் முதலில் ஞாபகம் வருவது யார்? சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்த போத்தமா, கூப்பிட்டு ஆடவைத்த விஸ்வநாத்தா? கிரிக்கெட் தெரிந்த பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

டீக்கடையில் இதைச் சொன்னால் உடனே ஒருத்தர், "அப்ப நம்ம அஸ்வின் பட்லரை அவுட்டாக்கினது தப்பா?" என்று கிளம்புவார். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூர் ஐ.பி.எல். மாட்சில், பந்து போடுவதற்கு முன்பே கோட்டை விட்டு நகர்ந்த பட்லரை அஸ்வின் ரன் அவுட் செய்தார். இங்கிலாந்தே குய்யோ முறையோ என்றது. 2022-ல் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி.யே அந்த விதியை 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் பகுதியில் வைத்துவிட்டது. அதில் பட்டவர்த்தனமாக எல்லாரும் பார்த்த ஒரு விஷயத்துக்கு விதி இருந்தது, அதன்படி அவுட். யாரும் பொய் சொல்லவில்லை. என் தகராறு அதோடு இல்லை. யாருமே பார்க்காத அரை அங்குலத்தோடுதான். அங்கே விதி நுழைய முடியாது. அம்பயர் நுழைய முடியாது. ஆடுகிற பையன் ஒருத்தன்தான் சாட்சி, நீதிபதி எல்லாம்.

*

அந்த அரை அங்குலத்தை எப்படிப் பையன்களுக்குச் சொல்லித் தருவது என்று ரொம்பக் காலத்துக்கு முன்பே சிலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்களில் நிறையப் பேர் பைபிளும் கையுமாக இருந்தவர்கள்.

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. 1891 டிசம்பர், வெளியே பனி. அடைந்து கிடந்த வாலிபர்கள் வாத்தியார்களைப் படாதபாடு படுத்தினார்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரிடம், இரண்டு வாரத்துக்குள் இவர்களுக்கு உள்ளே ஆட ஒரு விளையாட்டு கண்டுபிடி என்றார்கள். அவர் வேதசாஸ்திரம் படித்தவர். ஒருத்தனை ஒருத்தன் முட்டி மோதாமல் எப்படி ஆடவைப்பது என்று யோசித்தார். பந்தோடு ஓடினால்தானே விழுந்து புரண்டு பிடுங்குவார்கள்? பந்தோடு ஓடக்கூடாது என்றார். கோலைத் தரையில் வைத்தால்தானே பலம் காட்டுவார்கள்? பத்தடி உயரத்தில், பழம் வைக்கும் கூடையை மாட்டினார். முரட்டுத்தனம் எடுபடாது, பதமாகத்தான் போடவேண்டும். மொத்தம் 13 விதிகள். அப்படிப் பிறந்ததுதான் பாஸ்கெட்பால். கூடையின் அடியை வெட்ட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் ஏணி போட்டுப் பந்தை எடுத்தார்களாம்! நாலு வருஷம் கழித்து, 1895-ல், இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.காரர் வில்லியம் மார்கன் வாலிபாலைக் கண்டுபிடித்தார். அதில் ஒருபடி மேலே போய் நடுவிலேயே வலை. சண்டைக்கு வழியே இல்லை. (நம் ஊர்ப் பசங்க வலைக்கு அடியில் குனிந்து போய்ச் சண்டை போடுவார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?)

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான் 1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். இன்றைக்கும் நந்தனத்தில் இருக்கிறது. நம் பி.டி. மாஸ்டர்களில் பல தலைமுறை அங்கே விசில் ஊதக் கற்றுக்கொண்டவர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு கூடப் போனவரும் இதே பக்தான்.

அந்த பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் எரிக் லிடல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு காரியம் செய்தார். 100 மீட்டர் அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. ஆனால் அதன் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆண்டவருக்கு, நான் ஓட மாட்டேன் என்றுவிட்டார். 100 மீட்டரை விட்டுக் கொடுத்து, 400 மீட்டரில் ஓடினார். 47.6 விநாடி, உலக சாதனை, தங்கம். 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்று 1981-ல் இதைப் படமாகவே எடுத்தார்கள்.

படத்தில் வராத பிற்பாதிதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லிடல் மிஷனரியாக சீனாவுக்குப் போனார். இரண்டாவது உலகப் போரில் ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் என்ற இடத்து முகாமில் அடைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் நிறைய. லிடல் அவர்களுக்குப் பாடம் நடத்தினார், விளையாட்டு சொல்லித் தந்தார். ஞாயிறு மட்டும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களாக ஹாக்கி ஆடினார்கள். ரெஃப்ரி இல்லை. ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த முறை, ஒலிம்பிக் தங்கத்துக்காகக்கூட ஞாயிறை விடாத அந்த மனுஷர், விசிலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறங்கினார். தன் சுயலாபத்துக்கு உடைக்காத விதியை, பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக விட்டுக் கொடுத்தார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை அம்பயர் வேலையை இனி நான் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

இதனால் நேர்மை என்பது கப்பலில் வந்து இறங்கிய சரக்கு என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். விளையாட்டில் பெருந்தன்மை என்று உபதேசம் செய்த அதே வெள்ளைக்காரர்கள் காலத்தில், சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்கள் மரத்தடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருந்தது. அந்த அவமானம் பொறுக்காமல் புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். 1932-33-ல் ஆஸ்திரேலியா போன இங்கிலாந்து அணி, ஸ்டம்பை விட்டுவிட்டு ஆளைக் குறி பார்த்துப் பந்து போட்டது. உபதேசம் வேறு, உடம்பு வேறு.

நம் சடுகுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஆடும்போது அம்பயர் ஏது? "தொட்டியா?" "தொட்டேன்." "பட்டுச்சா?" "பட்டுச்சு." ஆட்டமே அந்த ஒரு வார்த்தையில்தான் நடந்தது. புனித பவுல் (செக்காலைப் பெரியவர்கள் 'சின்னப்பர்' என்றால்தான் ஒப்புக்கொள்வார்கள்) தன் கடிதங்களில் ஓட்டப் பந்தயத்தை உதாரணம் காட்டி, விதிப்படி ஓடாதவனுக்குக் கிரீடம் கிடையாது என்ற கருத்தைச் சொல்கிறார். சொல்லி ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. அப்பவும் பசங்க இப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

பசங்க என்று சொல்வதுகூடத் தப்பு. அப்பாக்கள்! பதினாறு வயசுக்குட்பட்டவர்களின் போட்டிக்கு வரும் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பைப் பார்த்து வயசு கண்டுபிடிக்கிறது கிரிக்கெட் போர்டு. ஏன்? பிறப்புச் சான்றிதழை நம்ப முடியவில்லை. பதினாறு வயசுப் பையனா மீசையை மழித்துக்கொண்டு போய்த் தாசில்தார் ஆபீஸில் நின்றான்? அப்பாதானே நின்றார்? 'நீ சொன்னா சரி' என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டு, அப்புறம் எலும்பைக் கேட்கிறோம்.

*

நம் கதைக்கு வருகிறேன்.

அந்த ஞாயிறு ராத்திரி சோறு இறங்கவில்லை. சர்ச் பக்கத்து நண்பர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கு பாவசங்கீர்த்தனம்னு ஒரு வசதி இருக்கு சார். நமக்குக் கோயில்ல அர்ச்சனைச் சீட்டுதான். அதுல பேரு, நட்சத்திரம்தான் எழுதலாம். 'கேட்ச் விஷயமாக'ன்னு எழுத இடமில்லை" என்றேன்.

நண்பர் சிரித்தார். "சொன்னா மட்டும் போதாது சார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கணும். பைபிள்ல சக்கேயுன்னு ஒருத்தர் வர்றார். வரி வசூல் பண்றவர். மனசு மாறினதும், ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்காத் திருப்பித் தர்றேன்னார்."

நாலு மடங்கு! கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் நாலு வாங்கினேன். அன்றைக்கு அவுட்டாகிப் போன பேட்ஸ்மேன் எங்கேயோ வடதுருவத்தில் இல்லை. செக்காலை ரோட்டிலேயே பைப், டேப் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் இரண்டு தடவை வாஷர் வாங்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் முகத்தைப் பார்க்காமல்.

டம்ளர் பார்சலை மேஜை மேல் வைத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைப் பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்ணே" என்றார்.

"தெரியுமா?"

"பால் தரையில பட்டதை நானும் பார்த்தேன்."

"அப்ப ஏன் சண்டை போடலை?"

தலையைச் சொறிந்தார். "அதுக்கு ரெண்டு பால் முன்னாடி எட்ஜ் வாங்கினேன். கீப்பர் பிடிச்சுட்டான். சத்தம் சின்னது, யாருக்கும் கேட்கலை. ஃபாதர் என்கிட்டே வந்து, 'பட்டுச்சா தம்பி?'ன்னார். 'இல்ல ஃபாதர்'னேன். 'நீ சொன்னா சரி'ன்னுட்டுப் போயிட்டார். உங்க கேட்ச்சுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சண்டை போடறது?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் டம்ளர் பார்சலை என் பக்கம் நகர்த்தினார். "நியாயமாப் பார்த்தா நாலு மடங்கு நான் உங்க டீமுக்குத் தரணும். நீங்க எனக்கு நாலு, நான் உங்களுக்கு நாலு. சரியாப் போச்சு. எடுத்துக்கங்க."

புது டம்ளர் இரண்டில் டீயை ஊற்றிக் குடித்தோம். இருபத்துச் சொச்ச வருஷத்தில் அவ்வளவு நல்ல டீ குடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "அவர் ஒரு பொய், நான் ஒரு பொய். கணக்கு டேலி ஆயிடுச்சு!"

அவள் அரிசி அளந்துகொண்டிருந்தாள். 'சிறந்த ஃபீல்டர்' டம்ளரில்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்கதானே பி.காம்.? அந்தப் பக்கம் ஒரு டெபிட், இந்தப் பக்கம் ஒரு டெபிட். ரெண்டு டெபிட் எந்த ஊர்ல டேலி ஆகும்? கிரெடிட் எங்கே?"

யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான். இரண்டு தப்பும் அந்த ஒரே ஃபாதரின் கணக்கில் எழுதியவை. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தள்ளுபடி செய்துகொண்டோம். நம்பினவருக்குக் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கிறது. அவர் ஊரிலும் இல்லை, உலகத்திலும் இல்லை. அந்தக் கடனை இனி மைதானத்தில் நிற்கும் பையன்களிடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டவேண்டும். அவர்களைப் பார்த்து 'நீ சொன்னா சரி' என்று சொல்லி. அவர்கள் உண்மையைச் சொல்லித் தோற்கும்போது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருந்து.

ராத்திரி பையனிடம் 2001 கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கையில் வாங்கி, வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

வரும் ஞாயிறு சர்ச் டீமோடு ரிட்டர்ன் மாட்ச். காதுகுத்துக்குப் போனவர் இந்த வாரம் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறாராம். ஃபாதர் சொல்லி அனுப்பியிருக்கிறார், நானேதான் அம்பயர்.

பையன் ஷூவுக்கு லேஸ் கோத்துக்கொண்டே கேட்டான்:

"இந்த வாரமாச்சும் பாலைப் பார்ப்பீங்களா, சார்?"